கொலுப்படியில் மிதக்கும் உருவம்: செல்போனும் ஒரு ஓஎச்பி ஷீட்டும் போதும்

அந்தரத்தில் மிதக்கிற பிம்பம் எதைப் பார்த்தாலும் ஹாலோகிராம் என்று சொல்லிவிடுகிறோம். கல்யாண மண்டப மேடையில் தோன்றும் உருவம், கடை வாசலில் சுழலும் எல்இடி ஃபேன் காட்டும் படம், டெபிட் கார்டில் மினுங்கும் சின்னப் பட்டை, மூன்றுக்கும் ஒரே பெயர். இதில் நிஜமான ஹாலோகிராம் கார்டில் இருப்பது மட்டும்தான்.

சாதாரண போட்டோ, ஒளியின் பிரகாசத்தை மட்டும் பதிவு செய்யும். ஹாலோகிராம், ஒளி அலையின் கட்டத்தையும் (ஃபேஸ், அதாவது அலை எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதையும்) சேர்த்துப் பதிவு செய்யும். அதனால்தான் தலையைச் சாய்த்தால் பொருளின் பக்கவாட்டும் தெரிகிறது. இயற்பியலாளர் டென்னிஸ் கேபர் இந்த வழியை 1947-ல் கண்டுபிடித்தார். 1960-ல் லேசர் வந்த பிறகுதான் அது நன்றாகக் கைகூடியது. 1971-ல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது.

மேடையில் நடப்பது வேறு. சாய்த்து வைத்த கண்ணாடியிலோ மெல்லிய திரையிலோ விழும் பிரதிபலிப்பு அது. லண்டனில் 1862-ல் ஜான் ஹென்றி பெப்பர் நாடக மேடையில் ஆவியை வரவழைத்துக் காட்டிய அதே உத்தி. 2014 மக்களவைத் தேர்தலில் நரேந்திர மோடியின் உருவம் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் பேசியதற்கும் அடிப்படை இதுதான். லேசர் இல்லாமல் வீட்டில் செய்ய முடிவதும் இதைத்தான். நவராத்திரிக்குக் கொலு வைக்கிறவர்கள் வீட்டில் செய்துபார்க்க அருமையான வேலை இது.

முதலில் பிரமிட்

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒரு ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்வீட் பாக்ஸின் ஒளி ஊடுருவும் மூடி கீறல் இல்லாமல் இருந்தால் அதுவும் ஆகும். தடித்த அக்ரிலிக் வேண்டாம். அதன் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகப் பிரதிபலிப்பதால் உருவம் இரண்டிரண்டாகத் தெரியும்.

கட்டம் போட்ட தாளில் ஒரு சரிவகம் வரையுங்கள்: மேல்பக்கம் 1 செ.மீ., அடிப்பக்கம் 6 செ.மீ., உயரம் 3.5 செ.மீ. அந்த அளவில் நான்கு துண்டுகளை ஸ்கேல் வைத்து கட்டரால் வெட்டுங்கள். இந்த 3.5-ஐ மாற்றாதீர்கள். நான்கையும் சேர்த்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து நிற்பது அந்த அளவில்தான். 45 டிகிரியில்தான் படுத்திருக்கும் திரையிலுள்ள படம் நிமிர்ந்து நிற்பதுபோல், அதுவும் பிரமிட்டின் நடுவிலேயே நிற்பதுபோல் தெரியும். சாய்வு பிசகினால் உருவமும் சாய்ந்துவிடும். டேப்லெட்டில் செய்வதானால் எல்லா அளவையும் இரட்டிப்பாக்குங்கள்: 2, 12, 7.

ஒட்டுவதற்கு மெல்லிய டிரான்ஸ்பரன்ட் டேப் போதும். உடனே ஒட்டும் சூப்பர் க்ளூ வகைகள், காயும்போது ஆவி படிந்து பிளாஸ்டிக்கை வெண்மையாக்கிவிடும்.

அடுத்து படம்

போனைப் படுக்க வைத்து, பிரமிட்டின் குறுகிய வாய் கீழே வரும்படி திரையின் நடுவில் நிறுத்துங்கள். திரையில் கன்னங்கரிய பின்னணியில் ஒரே உருவம் நான்கு திசையிலும் இருக்க வேண்டும். கால் நடுவை நோக்கி, தலை வெளியே. கறுப்பு ஏன் என்றால், கறுப்பிலிருந்து ஒளி வராது. ஒளி வராத இடத்தில் பிளாஸ்டிக்கின் பின்னால் இருப்பது அப்படியே தெரியும்.

ஒரு நுணுக்கம். படத்தை வெறுமனே சுற்றி வைத்தால் இடம் வலமாகிவிடும். பிள்ளையார் படமானால் வலம்புரி இடம்புரியாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு படத்தையும் மேல்கீழாகப் புரட்டுங்கள். சுற்றுவது வேறு, புரட்டுவது வேறு. ‘அ’ எழுத்தை வைத்துச் சோதித்தால் ஒரு நொடியில் பிடிபடும்.

இந்த ஷீட், விழும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதனால் பிரைட்னெஸ் முழுக்க ஏறியிருக்கட்டும், அறை விளக்கு அணைந்திருக்கட்டும்.

இப்போது கைக்கு அடங்க வைப்போம்

உருவம் நம் கையைப் பார்த்து அசைய ஆரம்பிக்கும்போதுதான் இதன் முழு அழகும் தெரியும். பிரவுசரில் முப்பரிமாண உருவம் காட்ட த்ரீ ஜேஎஸ், கையை அடையாளம் காண கூகுளின் மீடியாபைப். இரண்டும் இலவச நிரல் தொகுப்புகள். உருவத்தைச் சுற்றி 90 டிகிரிக்கு ஒன்றாக நான்கு மெய்நிகர் கேமராக்களை த்ரீ ஜேஎஸ்ஸில் வைத்து, நான்கு காட்சிகளையும் மேலே சொன்னபடி புரட்டி அடுக்குங்கள். இப்போது பிரமிட்டைச் சுற்றி நடந்தால் முன்புறம், பக்கவாட்டு, முதுகு என்று நிஜமாகவே மாறும். சுற்றும்போது உருவம் எதிர்த்திசையில் திரும்பினால், இடது வலது கேமராக்களை இடம் மாற்றுங்கள்.

மீடியாபைப் ஒரு கையில் 21 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும். நமக்கு இரண்டு போதும்: 4 என்பது கட்டைவிரல் நுனி, 8 என்பது ஆள்காட்டி விரல் நுனி. எட்டாம் புள்ளி பக்கவாட்டில் நகர்ந்தால் உருவத்தைச் சுழற்றுங்கள். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடினால் உருவத்தைப் பெரிதாக்குங்கள். புள்ளிகள் கொஞ்சம் நடுங்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பழைய மதிப்பில் 80 சதவீதம், புதியதில் 20 சதவீதம் சேர்த்து எடுத்துக்கொண்டால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும்.

படுத்திருக்கும் போனின் முன்கேமரா மேலே பார்த்துக்கொண்டிருப்பதால் தனி கேமரா வேண்டாம். பிரமிட்டுக்கு மேலே கையை நீட்டினால் போதும். ஆனால் பிம்பத்துக்கு இருட்டு வேண்டும், கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். பக்கத்தில் ஒரு சிறிய மேசை விளக்கை, கையின் மீது மட்டும் படும்படி திருப்பி, பிரமிட் பக்கம் ஒரு அட்டையால் மறைத்தால் இரண்டும் நடக்கும். இன்னொன்று: எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைய இணைப்பு) இல்லாத பக்கத்துக்கு போன் பிரவுசர் கேமரா அனுமதி தராது. இணையப் பக்கங்களை ஏற்றி வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸில் பக்கத்தை ஏற்றிவிட்டால் அந்தச் சிக்கல் தீரும்.

நம் கை உருவத்துக்கு மேலே அசைகிறதே தவிர, உருவத்தைத் தொடவில்லை. ஸ்பெயினின் நவார்ரா பொதுப் பல்கலைக்கழகத்தில் 2025-ல் அதையும் செய்து காட்டினார்கள்: வேகமாக அதிரும் திரையை நெகிழும் பட்டைகளால் அமைத்ததால், விரலை உள்ளே விட்டு உருவத்தைப் பிடித்து நகர்த்த முடிகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு 2021-ல், ஒரு எம்பிக்கும் குறைவான நினைவகத்தில் அடங்கும் நரம்பியல் வலையமைப்பை (ஒரு வகை ஏஐ நிரல்) கொண்டு நிஜ ஹாலோகிராமையே உடனுக்குடன் கணக்கிட்டது. நம் வீட்டுக்கு இவை வர நாளாகலாம்.

கொலுவில் வைக்க

உருவம் சரியாகத் தெரிவது பிரமிட்டை நேர் மட்டத்தில் பார்க்கும்போதுதான். மேலிருந்து குனிந்து பார்த்தால் திரைதான் தெரியும். அதனால் குழந்தைகளின் கண் உயரத்துக்கு வரும் படியாகப் பார்த்து வையுங்கள். சீரியல் செட் விளக்குகள் அந்தப் படியில் வேண்டாம். பின்னால் ஒரு கறுப்புத் துணி. சார்ஜர் ஒயரைத் துணிக்கு அடியில் ஓட்டுங்கள், ஸ்கிரீன் டைம்அவுட்டை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டுங்கள், நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவிடுங்கள்.