திருச்செந்தூர் வேன் கிளம்பும் முன்: கடலில்லாத ஊர்க்காரர்களுக்குச் சுனாமி பாடம்

பவானி, குமாரபாளையம் பக்கம் ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கு வெள்ளம் புதிதில்லை. மேட்டூரில் ஒரு லட்சம் கன அடி திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும், யார் வீட்டு பீரோ முதலில் மேலே ஏறும் என்பது வரை அத்துப்படி. அதே நாம் வேனில் ஏறிக் கடற்கரையில் போய் இறங்கினால் ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தைகள்.

மூன்று வருடம் முன்பு பங்காளிகள் ஒட்டுக்காத் திருச்செந்தூர் போயிருந்தோம். விடிகாலையில் கடலில் குளிக்கப் போனால், தண்ணீர் நூறடிக்கு மேல் உள்வாங்கி, பாசி பிடித்த பாறையெல்லாம் வெளியே கிடக்கிறது. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டி முதல் ஆளாக இறங்கினார். பொறகாலேயே பிள்ளைகள், கையில் போனோடு. சங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கத்தினார்: “எய்யா, என்னத்தப் பாக்கீய? புள்ளயளக் கூட்டிட்டு மேல ஏறுங்க!”

“ஏனுங்க, என்னாயிப்போச்சு?” என்றார் சித்தப்பா, பாறை மேல் நின்றபடி.

ஒன்றும் ஆகவில்லை. அமாவாசை ஓதம், கடல் வழக்கமாக ஏறி இறங்குவது. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அது ஓதமா வேறேதாவதா என்று எங்கள் வேனில் இருந்த பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் அன்று இறந்தவர்களில் ஏராளமானோர் வெளியூரிலிருந்து வந்த யாத்ரீகர்கள். இன்று கடலோரக் கிராமங்களில் ஒத்திகை நடக்கிறது, உள்ளூர் ஆளுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியும். ஒரு நாள் வந்து போகிற நமக்குத்தான் எவரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் விஷயம்

அன்று சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28க்கு, அளவு 9.1. தமிழகக் கரையை அலை தொட்டபோது எட்டரை தாண்டிவிட்டது. கோபியில் பஸ் ஏறினால் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்திருக்கலாம், அவ்வளவு நேரம் இருந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே கிடையாது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

நாலு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். உயரமோ ஒரு மீட்டர்கூட இருக்காது, மேலே மிதக்கும் படகுக்குத் தெரியவே தெரியாது. கரை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து, பின்னால் வரும் தண்ணீரெல்லாம் முன்னால் இருப்பதன் மேல் ஏறிக் குவியும். இதை முன்கூட்டியே பிடிக்கத்தான் கடலின் அடியில் தண்ணீர் அழுத்தத்தை அளக்கும் கருவிகளை வைத்திருக்கிறார்கள். ஹைதராபாத்தில் கடல் தகவல் தரும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனத்தில் உள்ள இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. நிலநடுக்கம் நடந்த சில நிமிடங்களில் அங்கிருந்து முதல் அறிக்கை வந்துவிடும். அது வேனுக்குள் இருக்கும் நம் காதுக்கு வருமா என்பதுதான் கேள்வி.

படி 1: கிளம்பும் முன், போன்

வேனில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். டிரைவர் வேண்டாம், அவருக்குத் தூக்கம் வேண்டும். பொறுப்பான ஆள் தன் போனில் அரசின் பேரிடர் எச்சரிக்கைச் செயலியான ‘சசேத்’தைப் போட்டு, போகிற மாவட்டத்தையும் அதில் சேர்க்க வேண்டும். ஈரோட்டை மட்டும் வைத்துக்கொண்டு கன்னியாகுமரியில் நின்றால் ஈரோட்டு மழைச் செய்திதான் வரும். அடுத்து, போன் அமைப்புகளில் அவசர எச்சரிக்கைகள் அணைந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். 2023இல் சோதனைச் செய்தி என்று போன் திடீரென அலறியது நினைவிருக்கலாம். “இதென்னடா கெரகம்” என்று அப்போதே பலர் அணைத்துவிட்டார்கள். டவர் வழியாக அந்தப் பகுதியிலுள்ள போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் போகும் செய்தி அது, இணையம் தேவையில்லை. 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டத்துடையது. இரண்டையும் பதிந்து வையுங்கள்.

படி 2: இறங்கியதும் ஐந்து நிமிடம்

வேனின் முகம் சாலையைப் பார்த்து இருக்கட்டும். அருகில் உறுதியான மாடிக் கட்டடம் எது, ஊருக்குள் போகும் பாதை எது என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சுனாமி வெளியேறும் பாதை என்று பலகை இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள். முகத்துவாரம், ஓடைக்கரை வழியாகத் தப்பிக்க நினைக்காதீர்கள். அலை ஊருக்குள் நுழைய அதற்கு ஏற்கெனவே போட்ட ரோடு அதுதான்.

படி 3: கடலைப் படிப்பது

பாடப்புத்தகம் முதலில் நில அதிர்வைச் சொல்லும். தமிழகக் கரையில் அதை நம்பி உட்கார முடியாது. 2004இல் அதிர்வு தொடங்கிய இடம் நாகையிலிருந்து கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர். மணலில் நிற்பவர் காலுக்கு எட்டாமலே போகலாம். தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். ஓதம் என்றால் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். சுனாமியின் போது நிமிடக்கணக்கில் கடல் வடியும், மீன்கள் துடிக்கும், தூரத்தில் இரைச்சல் கேட்கும். சந்தேகமாக இருந்தால் மேலே ஏறிவிட்டுச் சந்தேகப்படுங்கள். வடியாமலே நேராகப் பொங்கி வருவதும் உண்டு.

சுமத்ராவை ஒட்டிய சிமெலு தீவு 2004இல் அதிர்வு மையத்துக்கு மிக அருகில் இருந்தது. 1907இல் சுனாமியில் பட்ட அடியை ‘ஸ்மோங்’ (சுனாமிக்கு அவர்கள் மொழிச் சொல்) என்ற ஒரே சொல்லில் தாத்தா பாட்டிகள் பேரன்மாருக்குச் சொல்லிவந்த ஊர் அது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் குன்றுக்கு ஓடினார்கள். அங்கே இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

படி 4: அறிக்கையின் மூன்று சொற்கள்

‘வாட்ச்’ என்றால் கவனமாக இரு. ‘அலர்ட்’ என்றால் கடற்கரையை விட்டுப் போ. ‘வார்னிங்’ என்றால் தாழ்வான பகுதியையே காலி செய். 2012 ஏப்ரல் 11 மதியம் 8.6 அளவில் அதிர்ந்தபோது சென்னையில் கட்டடங்கள் ஆடின, எச்சரிக்கையும் வந்தது, பெரிய அலை வரவில்லை. அன்றிலிருந்து “சும்மா பயமுறுத்தறாங்க” என்பவர்கள் உண்டு. தொட்டித் தண்ணீருக்குள் பலகையைக் கிடத்தி மேலே தூக்கிப் பாருங்கள், தளும்பும். பக்கவாட்டில் இழுத்தால் அவ்வளவு தளும்பாது. அந்த முறை பூமி பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. அது தெளிவாகும் வரை காத்திருந்தால் ஓட நேரமிருக்காது, அதனால்தான் முதலில் சொல்லிவிடுகிறார்கள்.

செயலியில் ‘கள்ளக்கடல்’ என்று வந்தாலும் அலட்சியம் வேண்டாம். அது சுனாமி அல்ல, தொலைதூரப் புயலால் காற்றே இல்லாத நாளில் எழும் பேரலை. 2024 மே 6 அன்று நாகர்கோவில் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தபோது அந்த எச்சரிக்கை அமலில் இருந்தது.

படி 5: வந்துவிட்டால்

செருப்பு, பை, சாமி பிரசாதம் எதற்கும் திரும்பாதீர்கள். சாலை நெரிசலாக இருந்தால் வேனை விட்டு நடங்கள். முதல் அலை போனதும் இறங்கி வராதீர்கள். அடுத்தது அரை மணி, ஒரு மணி கழித்தும் வரும், பெரும்பாலும் முதலாவதைவிடப் பெரிதாக. அரசு சொல்லும் வரை மேலேயே இருங்கள்.

படி 6: வீட்டில் ஒருவர்

புதுச்சேரி நல்லவாடு கிராமத்தை 2004இல் காப்பாற்றியது ஒரு போன். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் விஷயம் தெரிந்து வீட்டுக்கு அழைத்தார். ஊர் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஆயிரக்கணக்கானோர் மேட்டுக்குப் போய்விட்டார்கள். வேனில் இருப்பவர்கள் தூக்கத்திலும் தரிசன வரிசையிலும் இருப்பார்கள், கோயிலுக்குள் போன் அணைந்திருக்கும். ஊரில் டிவி பார்க்கிற ஆள்தான் நமக்குச் சிங்கப்பூர். அவர் வேன் டிரைவரின் எண்ணையும் வைத்திருக்க வேண்டும்.

எங்களுக்கு அந்த ஆள் பெருந்துறைச் சித்தி. போன மாதம் ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரையில் நிற்கும்போது குரல் செய்தி வந்தது: “பாத்துட்டனுங்க, கடல்ல இன்னைக்கு ஒண்ணுமில்ல. முங்கிட்டு வெருசா வாங்க, இங்க மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்ல.”