கைப்பிடி மட்டும் ஊதா: ஸ்கைரிமுக்கு முதல் வாள் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டுக்கு நான் செய்த முதல் வாள் என் கணினியில் ஜம்மென்று இருந்தது. நண்பனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அலகு சரியாக இருக்கிறது, கைப்பிடி மட்டும் பளீரென்ற ஊதா. டெக்ஸ்சர், அதாவது மாடலின் மேல் போர்த்தும் படம், கிடைக்காவிட்டால் இந்த விளையாட்டு அப்படித்தான் காட்டும். வாளின் வடிவத்தைத் தரும் மெஷ்ஷே கிடைக்காவிட்டால் சிவப்பு ஆச்சரியக்குறி.

நடந்தது இதுதான். கைப்பிடியின் தோல் டெக்ஸ்சரை வேறொரு மாட்டிலிருந்து (விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்யும் கூடுதல் தொகுப்பு, mod) எடுத்திருந்தேன். அந்த மாட் என்னிடம் இருந்தது, அவனிடம் இல்லை. அனுப்புவதற்கு முன் மெஷ் கோப்பைத் திறக்க உதவும் நிஃப்ஸ்கோப்பில் மெஷ்ஷைத் திறந்து ஒவ்வொரு டெக்ஸ்சரின் பாதையையும் பார்த்திருக்க வேண்டும். பாதை டெக்ஸ்சர்ஸ் ஃபோல்டரில்தான் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் டிரைவ் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அழித்துவிடுங்கள். சரி, அந்தத் தோலையும் சேர்த்து அனுப்பிவிட்டால் போதுமா? போதாது. அது இன்னொருவர் உழைப்பு, அனுமதி கேட்க வேண்டும். வேறு விளையாட்டிலிருந்து உருவிய மாடலுக்கும் இதேதான்.

அடுத்தது, விளையாட்டின் பொருட்களைத் திருத்தும் மென்பொருளான கிரியேஷன் கிட்டில் நடக்கும் கூத்து. இரும்பு வாளைத் திறந்து அதன் ஐடியை மாற்றி ஓகே கொடுத்தால், புதிய ஃபார்ம் (பொருளுக்கான பதிவு) உருவாக்கவா என்று கேட்கும். அவசரத்தில் 'நோ' அழுத்தினால் அசல் வாளே பெயர் மாறிவிடும். அப்புறம் நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் அதன் மேல்தான் விழும். குகையில் பதுங்கியிருக்கும் கொள்ளைக்காரன்கூட உங்கள் வாளோடுதான் வந்து நிற்பான். 'யெஸ்' கொடுங்கள்.

நகலெடுத்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. ஆயுதத்துக்கு மாடல் இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும்: வெளியிலிருந்து பார்க்க ஒன்று, முதல் நபர் பார்வைக்கு ஒன்று. இரண்டாவதுக்கு கிரியேஷன் கிட்டில் 'ஸ்டாட்டிக்' என்ற வகையில் தனியாக ஒரு பதிவு வேண்டும். அதை மறந்தால், கேமராவைப் பின்னால் இழுக்கும்போது உங்கள் வாள் தெரியும், முன்னால் கொண்டுவந்தால் பழைய இரும்பு வாள் தெரியும். நிறைய பேர் இங்கேதான் ஒரு மாலையைத் தொலைக்கிறார்கள்.

அலகில் செதுக்கிய எழுத்துகள் பள்ளமாகத் தெரியாமல் புடைத்துத் தெரிகின்றனவா? மாடலைத் தொடாதீர்கள். மேடுபள்ளத்தைக் காட்டும் டெக்ஸ்சரான நார்மல் மேப்பின் பச்சைச் சேனல் (பச்சை நிற அடுக்கு) தலைகீழாக இருக்கிறது. 3டி மென்பொருளான பிளெண்டர், நார்மல் மேப்பை ஓப்பன்ஜிஎல் முறையில் பேக் (bake) செய்யும், அதாவது மாடலின் விவரத்தைப் படமாக்கும்; ஸ்கைரிமுக்கு டைரக்ட்எக்ஸ் முறை வேண்டும். பேக் அமைப்பில் பச்சையை எதிர்த்திசைக்கு மாற்றினால் போதும். அதே மேப்பின் ஆல்ஃபா சேனல்தான் பளபளப்பைத் தீர்மானிக்கிறது. ஆல்ஃபா இல்லாத வடிவில் சேமித்தால் எஃகு பிளாஸ்டிக் மாதிரி மின்னும்.

2011-இல் வந்த பதிப்புக்கான மெஷ்ஷை 2016-இன் ஸ்பெஷல் எடிஷனில் அப்படியே போடாதீர்கள், கிராஷ் ஆகலாம்.

டெக்ஸ்சர் அளவில் பேராசை வேண்டாம். 4096 பிக்சல் சதுர டெக்ஸ்சர் பிசி7 சுருக்கத்திலும் 16 எம்பி. 2048 என்றால் 4 எம்பி. இடுப்பில் தொங்குகிற வாளுக்கு இரண்டாவதே தாராளம். சேதப் புள்ளியிலும் அப்படித்தான். இரும்பு வாளுக்கு 7, டெய்ட்ரிக் வாளுக்கு 14 என்று வைத்திருக்கிற விளையாட்டில் 200 கொடுத்தால் டிராகன்கூட சில வெட்டுகளிலேயே விழுந்துவிடும். செய்தவருக்கே பத்து நிமிடத்தில் சலித்துவிடும்.

இப்போதெல்லாம் வெளியிடுவதற்கு முன் மாட்களை நிறுவி நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசரில் ஒரு காலி புரொஃபைல் திறக்கிறேன். வேறு எந்த மாடும் கிடையாது. அனுப்பப்போகிற அதே ஜிப் கோப்பை அதில் நிறுவி, வாளை உருவிப் பார்க்கிறேன். முதலில் கண் போவது கைப்பிடிக்குத்தான்.