கோபக்காரப் பிள்ளைக்கு துஆ: நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

பிள்ளை கோபத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது, "அஊது ஓதுடா, சைத்தான் உன் தலையில ஏறி உக்காந்திருக்கான்" என்று சொல்வதுதான் நம்மில் பெரும்பாலானோர் முதலில் செய்கிற தவறு. சொல்கிற விஷயம் சரிதான், நேரம்தான் சரியில்லை. நபிமொழித் தொகுப்பான புகாரியில் வரும் சம்பவத்தைப் பாருங்கள். இரண்டு பேர் ஏசிக்கொள்கிறார்கள், ஒருவருக்கு முகமே சிவந்துவிட்டது. "அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம்" (விரட்டப்பட்ட சைத்தானிடமிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறேன்) என்று சொன்னால் அவருடைய கோபம் போய்விடும் என்கிறார்கள் நபி (ஸல்). அதைப் போய் அவரிடம் சொன்னதும், "எனக்கென்ன பைத்தியமா?" என்று திருப்பிக் கேட்டார் அந்த மனிதர். வளர்ந்த ஆளுக்கே அப்படி என்றால், கோவை கரும்புக்கடையில் பத்தாவது படிக்கிற பையன் என்ன சொல்லுவான்?

அந்த நேரத்தில் அஊது ஓத வேண்டியது அத்தாவும் அம்மாவும். பிள்ளைக்கு அதை மனசு லேசாக இருக்கும் வேளையில் சொல்லிக்கொடுங்கள். உட்காருவதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். நபித்தோழர் அபூதர் (ரலி) கால்நடைக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியை ஒருவர் வந்து உடைத்துவிட்டார். நின்றிருந்த அபூதர் உட்கார்ந்தார், பிறகு படுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, கோபம் வந்தால் உட்காரச் சொல்லியும், அப்படியும் தணியாவிட்டால் படுக்கச் சொல்லியும் நபி (ஸல்) சொன்னதை எடுத்துச் சொன்னார். தோட்டங்காட்டில் தண்ணீர்த் தொட்டி உடைந்தால் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்தது, துஆ (பிரார்த்தனை) என்ற பெயரில் திட்டுவது. சனிக்கிழமை சம்பளத்தோடு திருப்பூரிலிருந்து அத்தா வருகிறார். பையன் போன் கேட்டு முறைத்துக்கொண்டிருக்கிறான். சோற்றுத் தட்டுக்கு முன்னால் அம்மா கையேந்தி, அவன் காதில் விழும்படி, "யா அல்லாஹ், இவனுக்கு எப்பத்தான் புத்தியக் குடுப்பியோ!" என்கிறார். இது அல்லாஹ்விடம் கேட்டதா, மகனைக் குத்திக்காட்டியதா? அவனுக்கு நன்றாகவே தெரியும். அவனுக்காகக் கேட்பதை அவன் இல்லாதபோது கேளுங்கள்.

இதைவிட மோசமானது பத்துவா, அதாவது சாபம். "நீ வெளங்கவே மாட்டே", "நாசமாப் போவே" என்பதெல்லாம் வாயில் சும்மா வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு எதிராகப் பிரார்த்திக்காதீர்கள், கேட்டது கொடுக்கப்படும் நேரமாக அது அமைந்துவிடக் கூடும் என்ற எச்சரிக்கை 'முஸ்லிம்' என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது.

குர்ஆனைப் பிரம்பாக்குவதும் நடக்கிறது. பெற்றோரை 'சீ' என்றுகூடச் சொல்லாதே என்ற 17:23 வசனத்தை எல்லோரும் பிள்ளையிடம் ஓதிக் காட்டுகிறோம். அதற்கடுத்த வசனத்தின் துஆவும், "ரப்பிர்ஹம்ஹுமா கமா ரப்பயானீ ஸஃகீரா", மதரஸாவில் மனப்பாடமாகிவிடுகிறது. 17:25-ஐத்தான் யாரும் சொல்வதில்லை. உங்கள் உள்ளத்தில் இருப்பதை இறைவன் நன்கு அறிவான், நீங்கள் நல்லவர்களாக இருந்தால், திரும்பி வருவோரை அவன் மன்னிக்கிறான் என்கிறது அது. பெற்றோரிடம் வாய் தவறிப் பேசிவிட்டு மனம் வருந்தும் பிள்ளைக்கான வசனம் என்று குர்ஆன் விரிவுரையாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு முந்தியதை மட்டும் சொன்னால், "நான் எப்படியும் பாவிதானே" என்று அவன் தொழுகையையே விட்டுவிடுவான்.

பிள்ளையே கேட்கும் துஆவில் கோபத்தை மறைக்கத் தேவையில்லை. தொழுது முடித்தபின் கையேந்தி, "யா அல்லாஹ், எங்கத்தா மேல எனக்குக் கோவம் கோவமா வருது, நீதான் பாத்துக்கணும்" என்று வீட்டுப் பேச்சிலேயே கேட்கலாம். நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் தாய் ஒருநாள் நபியவர்களையே தகாத வார்த்தை சொல்லிவிட்டார். அபூஹுரைரா அழுதுகொண்டே நபியிடம் போய் நடந்ததைச் சொல்லி, தாய்க்கு நேர்வழி கிடைக்க துஆ செய்யுங்கள் என்றுதான் கேட்டார்.

பெற்றோர் கேட்பதற்கு என் தேர்வு குர்ஆன் 46:15. "வ அஸ்லிஹ் லீ ஃபீ துர்ரிய்யத்தீ", என் சந்ததியைச் சீராக்கு என்ற வரி அதில் உண்டு. ஆனால் அந்த துஆ, எனக்கும் என் பெற்றோருக்கும் நீ செய்த அருளுக்கு நன்றி செலுத்தவை என்றுதான் தொடங்குகிறது. நன்னியிடம் (பாட்டியிடம்) நீங்கள் எரிந்து விழுவதைப் பையன் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ஹஜ்ரத்திடம் (மார்க்கம் படித்தவரிடம்) கூட்டிப்போய் ஓதிப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் "இவனுக்கு ஏதோ புடிச்சிருக்கு" என்று தெருவெல்லாம் சொல்லிவிடாதீர்கள். அண்ணனுக்கு பைக், தனக்குத் திட்டு என்பதுதான் அவன் கோபமென்றால் ஓதிய தண்ணீர் என்ன செய்யும்? பிள்ளைகளிடையே நீதமாக நடந்துகொள்ளச் சொன்ன ஹதீஸும் புகாரியில்தான் இருக்கிறது.

வீட்டில் அடி உதை நடந்து, அதனால் வருகிற கோபம் வேறு. அந்தப் பிள்ளையிடம் "பொறுத்துக்கோ, துவா செய்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். நம்பிக்கையான ஒரு பெரியவர் உடனே தலையிட வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம்.