மேகம், மழை, மின்னல் எடுக்க முதல் கேமரா: காசை எங்கே போடுவது?

நிலக்காட்சியும் வானிலையும் எடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பறவையோ விளையாட்டோ எடுப்பவருக்கு வேகமான ஃபோகஸ், நொடிக்கு எத்தனை படம் என்பதெல்லாம் முக்கியம், அவர் பாடியில் காசு போடுவது சரி. மலைக்கும் மேகத்துக்கும் அந்த வேகம் தேவைப்படுவதே இல்லை. இங்கே படத்தைக் கெடுப்பவை காற்றில் ஆடும் ட்ரைபாட், லென்ஸில் தெறித்த மழைத்துளி, எடுக்க வந்ததற்குப் பொருந்தாத லென்ஸ். ஆகவே என் வரிசை: ட்ரைபாட், லென்ஸ், நனையாமல் காக்கும் சாமான்கள், அப்புறம் மிச்சப் பணத்துக்கு பாடி.

ட்ரைபாடில் தொடங்கலாம். இரவில் மின்னல் எடுக்க ஷட்டர் பத்து இருபது நொடி திறந்திருக்கும், விடியலுக்கு முந்தைய வெளிச்சத்தில் ஒன்றிரண்டு நொடியாவது ஆகும், அந்த நேரமெல்லாம் கேமரா அசையக் கூடாது, அதுவும் காற்று வீசும்போது. கடையில் கால்களை முழுக்க நீட்டி நிறுத்தி, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தி லேசாகத் திருகிப் பாருங்கள். நெளிந்தால் வேண்டாம். நடுத்தண்டை உயர்த்தாமலே கேமரா உங்கள் மோவாய் உயரத்துக்கு வர வேண்டும், ஏனென்றால் நடுத்தண்டை ஏற்றிய அந்த நொடியே ஆட்டம் தொடங்கிவிடும். கால்கள் நாலு ஐந்து மடிப்பாக இருந்தால் பையில் அடக்கமாக இருக்கும், ஆனால் கடைசி மடிப்பு குச்சி மாதிரி மெலிந்திருக்கும், முடிந்தால் மூன்று மடிப்புள்ளதையே எடுங்கள். பெட்டியில் எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாமல், உங்கள் கேமராவும் லென்ஸும் சேர்ந்த எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். கார்பன் ஃபைபர் தூக்க லேசு, விலை அதிகம். அதிகம் நடக்காதவருக்கு அலுமினியமே போதும், காற்றில் அந்தக் கூடுதல் எடை நல்லதுதான். நடுத்தண்டின் அடியில் கொக்கி இருந்தால் பையை மாட்டலாம், ஆனால் பை அந்தரத்தில் ஊசலாடினால் நிலைமை இன்னும் மோசமாகும், பையின் அடி தரையில் லேசாகத் தொடும்படி மாட்டுங்கள். ட்ரைபாடில் ஏற்றியதும் லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) அணைத்துவிட்டு இரண்டு நொடி டைமரில் எடுத்தால் பட்டன் அழுத்தும் அதிர்வும் போய்விடும்.

இனி லென்ஸ், இதைப் பற்றி நிறையவே பேச வேண்டும். நிலக்காட்சி என்றாலே அகலமான லென்ஸ் என்று எல்லாரும் சொல்வார்கள், வானத்தில் நடப்பவற்றின் அளவைத் தெரிந்துகொண்டால் அது பாதி உண்மை என்று புரியும். கையை முன்னால் நீட்டி ஒரு சாண் விரித்துப் பிடியுங்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறக்குறைய 20 டிகிரி. ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவோடு சேர்த்தே வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் (மி.மீ. எண் கூடக் கூடப் பார்வை குறுகும்) 18-இல் கிடைமட்டமாக சுமார் 66 டிகிரியும் உயரத்தில் சுமார் 47 டிகிரியும் பார்க்கும்.

கீற்று மேகம் பரவிய நாளில் சூரியனைச் சுற்றிக் கோட்டை கட்டினாற்போல் ஒரு வளையம் விழுமே, அதன் ஆரம் 22 டிகிரி, முழு வளையமும் 44 டிகிரி. கிட் லென்ஸிலேயே மட்டுமட்டாக அடங்கிவிடும். வானவில் அப்படி இல்லை. சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து 42 டிகிரியில் நிற்பதால், சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 84 டிகிரி, நாலு சாணுக்கும் மேல். அதை ஒரே படத்தில் அடக்க ஏபிஎஸ்-சியில் 13 மி.மீ.க்குக் கீழே போக வேண்டும், 10-18 அல்லது 10-20 மாதிரியான லென்ஸ். அதற்காக உடனே வாங்க ஓட வேண்டாம், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து இடமிருந்து வலமாக நாலைந்து படம், மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்துக் கணினியில் ஒட்டினால் வேலை முடிந்தது.

இப்போது தொலைவில் நிற்கும் இடிமேகத்தை எடுத்துக்கொள்வோம். 12 கிலோமீட்டர் உயரமுள்ள மேகம் 60 கிலோமீட்டர் தள்ளி நின்றால் நம் கண்ணுக்கு 11 டிகிரி உயரம்தான். கண்ணெதிரே கோபுரமாக நிற்பது 18-இல் எடுத்தால் படத்தின் உயரத்தில் கால் பங்கு, மற்றதெல்லாம் வெறும் வானம். 55-க்குத் திருப்புங்கள், சட்டகம் நிரம்பும். சூரியனும் நிலவும் வெறும் அரை டிகிரி, அவை மலை முகட்டில் பெரிதாகத் தெரிய 200, 300 மி.மீ. வேண்டும். அதனால் இரண்டாவது லென்ஸ் வாங்கும் நாள் வரும்போது அல்ட்ரா வைடுக்கு (10-18 மாதிரி) முன் 55-200 அல்லது 70-300 வகை ஜூமைத்தான் நான் சொல்வேன். புயல் மேகத்தின் அடிப்பகுதி, பனி படிந்த மலை அடுக்குகள், தூரத்தில் திரைபோல் இறங்கும் மழை எல்லாம் அதற்குத்தான் அகப்படும். ஒரு எச்சரிக்கை: டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, நீள லென்ஸில் கண்ணே போய்விடும். பின்திரையில் பாருங்கள்.

எஃப் என்பது லென்ஸின் துளை (அபெர்ச்சர்) அளவு, எண் சிறிதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம். எஃப் 2.8 லென்ஸ் வேண்டுமா என்றும் கேட்பார்கள். நட்சத்திரம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டும். மற்றபடி நாம் பெரும்பாலும் எஃப் 8-ஐ ஒட்டித்தான் எடுப்போம், அங்கே கிட் லென்ஸும் நன்றாகவே கூர்மையாக இருக்கும். எஃப் 16, 22 என்று மூடிக்கொண்டே போனால், சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் கூர்மை குறையும்.

மின்னலுக்குத் தனி கேமரா தேவையில்லை. மேனுவல் ஃபோகஸ், 30 நொடி வரை ஷட்டர், பட்டனை அழுத்திப் பூட்டிவைக்கும் கேபிள் ரிமோட், இவ்வளவுதான் வேண்டும். தொலைவில் உள்ள ஒரு விளக்கில் ஃபோகஸ் வைத்து, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100 அல்லது 200, எஃப் 8, பத்திலிருந்து இருபது நொடி என்று வைத்துத் தொடர்ந்து ஓடவிடுங்கள். மின்னல் ஒரு கணத்தில் அடித்து ஓய்ந்துவிடுவதால் அதன் பிரகாசத்தைத் தீர்மானிப்பது அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும், ஷட்டர் நேரம் சுற்றியுள்ள வெளிச்சத்தைத்தான் மாற்றும். மின்னல் வெளுத்துப்போனால் எஃப் 11-க்குப் போங்கள், ஊர் வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் நேரத்தைக் குறையுங்கள். பகல் மின்னலுக்கு மட்டும் ஒளியை உணர்ந்து ஷட்டரைத் தட்டும் ட்ரிகர் கருவி உதவும், அது பிறகு.

ஆனால் உயிர் முக்கியம். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும், மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் புயல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள்ளோ இரும்புக் கூரையுள்ள காருக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வெளியே வராதீர்கள். வெட்டவெளியில் ட்ரைபாடைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு எந்தப் படமும் ஈடாகாது.

மழை விஷயத்தில் 'வெதர் சீலிங்' (நீர், தூசி புகாமல் தடுக்கும் அடைப்பு) என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். பாடி, லென்ஸ் இரண்டுக்கும் அது இருந்தால்தான் பலன், பெரும்பாலான கிட் லென்ஸ்களுக்கு இருக்காது. லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் கவலையில்லை, ஒரு பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு லென்ஸ் முனையில் ரப்பர் பேண்டால் கட்டினால் தூறலுக்குத் தாங்கும். லென்ஸ் ஹுட் கட்டாயம் வாங்குங்கள், வெயிலை விட மழைத்துளியைத் தடுப்பதற்குத்தான் அது நமக்கு அதிகம் உதவும். துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி நாலைந்து வைத்திருங்கள், முதல் துணி சீக்கிரமே நனைந்துவிடும். குளிர்ந்த கேமராவை வெளியே ஈரக்காற்றுக்கு எடுத்தால் கண்ணாடியில் நீர் படியும், பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டு, சூடு சமமான பிறகு திறங்கள். வீட்டுக்கு வந்ததும் அப்படியே பையில் போட்டு வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், இவற்றை வைத்து ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வைத்திருங்கள்.

ஃபில்டரில் முதலில் வாங்க வேண்டியது சிபிஎல், அதாவது சர்குலர் போலரைசர், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும், திருப்பக்கூடிய கண்ணாடி. ஈரமான பாறை, இலை மேல் மின்னும் வெளிச்சத்தை வெட்டும், சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில் வானத்தை ஆழமாக்கும். இந்த வேலையைப் பிறகு எடிட்டிங்கில் செய்யவே முடியாது. வானவில்லின் ஒளி போலரைஸ் ஆனது என்பதால் ஃபில்டரைத் திருப்பினால் வண்ணம் தூக்கலாகும், இன்னும் திருப்பினால் வானவில்லே மறைந்துவிடும், பார்த்துச் சுற்றுங்கள். 10 மி.மீ. மாதிரி அகலமான லென்ஸில் மட்டும் போட வேண்டாம், வானத்தின் நடுவே கருநீலத் திட்டு விழும். மேகத்தை இழுத்துவிட்டாற்போல் எடுக்க 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி, ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும், 1/30 நொடி அரை நிமிடமாகிவிடும். எதை வாங்கினாலும் 77 மி.மீ. போல பெரிய அளவில் வாங்கி, சின்ன லென்ஸுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொண்டால் லென்ஸ் மாறும்போது மறுபடி செலவில்லை.

சரி, பாடி. ரா (RAW, கேமரா பதப்படுத்தாத கோப்பு) வடிவில் எடுக்க முடிய வேண்டும், முழு மேனுவல் வேண்டும், திரை மடங்கினால் தரையோடு தரையாக எடுக்க வசதி. ட்ரைபாடில் ஐஎஸ்ஓ 100-இல் எடுக்கும்போது ஃபுல் ஃப்ரேமுக்கும் (ஏபிஎஸ்-சியை விடப் பெரிய சென்சார்) ஏபிஎஸ்-சிக்கும் உள்ள வித்தியாசம் தொடக்கக்காரர் காணும் அளவுக்கு இருக்காது, ஆனால் லென்ஸ்களின் எடையும் விலையும் நன்றாகவே ஏறும். செகண்ட் ஹேண்டில் 2014-இல் வந்த சோனி ஏ6000, 2015-இல் வந்த நிகான் டி7200, 2016-இல் வந்த பென்டாக்ஸ் கே-70 மூன்றுமே 24 மெகாபிக்சல், மூன்றும் இந்த வேலைக்குத் தாராளம். மழையில் நிற்கப் போகிறவர் சீலிங் உள்ள கே-70-ஐ டபிள்யூஆர் (நீர் தெறிப்பைத் தாங்கும்) என்று குறிப்பிட்ட லென்ஸோடு தேடலாம், நடந்து திரிபவருக்கு எடை குறைந்த ஏ6000. எதுவானாலும் உதிரி பேட்டரி ஒன்று, மிரர்லெஸ் (ஏ6000 மாதிரி, உள்ளே கண்ணாடி இல்லாதது) என்றால் இரண்டு.

பழைய கேமரா கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே, லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை. எஃப் 16-இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துக் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அது சென்சார் தூசி, பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும். தட்டையான சுவரை நேராக எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்குங்கள், ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.