பழ ஈயின் நாலாவது குரோமோசோம்: நிறைய பேர் சறுக்கும் இடங்கள்

பாடப்புத்தகத்தில் படித்த ஒரு வரிதான் பெரும்பாலானோரை இங்கே கவிழ்க்கிறது. குரோமோசோமில் டிஎன்ஏவும் புரதங்களும் சேர்ந்த பொதி இரண்டு வகை: யூகுரோமேட்டின் தளர்ந்தது, அதில் மரபணுக்கள் வேலை செய்யும். ஹெட்டிரோகுரோமேட்டின் இறுகியது, அதில் எல்லாம் அடங்கிக் கிடக்கும். நிறைய இடங்களில் இது சரிதான். ஆனால் பழ ஈயின் (டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர்) நாலாவது குரோமோசோமுக்கு இதே கணக்கைப் போட்டீர்கள் என்றால் தரவு முழுக்கத் தலைகீழாகத் தெரியும்.

அந்தக் குரோமோசோம் அவ்வளவு பெரியதொன்றும் இல்லை. மொத்தம் சுமார் 50 லட்சம் கார இணைகள் என்றாலும், மரபணுக்கள் இருக்கும் கை சுமார் 13 லட்சம்தான், அதில் ஏறக்குறைய 80 மரபணுக்கள். அந்தக் கை நெடுகிலும் ஹெட்டிரோகுரோமேட்டினின் அடையாளங்கள்: ஹெட்டிரோகுரோமேட்டினில் ஒட்டும் ஹெச்பி1ஏ புரதம், டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதமான ஹிஸ்டோன் ஹெச்3-இன் 9-ஆவது லைசினில் மெத்தில் குறி, நடுநடுவே தாவும் மரபணுக்கூறுகளின் எச்சங்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு 'இங்கே எதுவும் நடக்காது' என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. உண்மையில் இந்த மரபணுக்களில் பெரும்பாலானவை மற்ற குரோமோசோம்களில் இருப்பவற்றுக்கு இணையாக வெளிப்படுகின்றன. கண் உருவாக அவசியமான ஐலெஸ் மரபணு இங்கேதான் இருக்கிறது, ரைபோசோம் புரதம் ஒன்றுக்கான மரபணுவும் இருக்கிறது. இவை அடங்கிவிட்டால் ஈ பிழைப்பது எப்படி?

சரி, குறியும் இருக்கிறது, வெளிப்பாடும் இருக்கிறது, இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன? இங்கேதான் இரண்டாவது தவறு வரும், நானும் செய்தது: குரோமோசோம் முழுக்கச் சராசரி எடுத்துப் பார்ப்பது. சராசரியில் ஹெச்பி1ஏ ஒரே கம்பளமாகத் தெரியும். ஒவ்வொரு மரபணுவாகப் பிரித்துப் பார்த்தால் படம் வேறு. வேலை செய்யும் மரபணுக்களில் ஹெச்பி1ஏ மரபணுவின் உடல் பகுதியில் நிறைந்திருக்கிறது, படியெடுத்தல் தொடங்கும் இடத்தில் சரிந்து இறங்குகிறது, அங்கே செயல்பாட்டுக்கு உரிய குறிகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. குரோமோசோம்கள் ராட்சத அளவில் இருக்கும் இளம்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை நசுக்கி, ஹெச்பி1ஏ-க்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு இது கண்ணாலேயே தெரியும். நீண்ட கைகளுக்கு நடுவே நாலாவது ஒரு குட்டைத் துண்டாக நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் சாயம் சீராகப் படியாமல் பட்டை பட்டையாக விழுந்திருக்கும்.

அப்புறம், ஒரே ஒரு செருகலை வைத்து முழுக் குரோமோசோமுக்கும் தீர்ப்பு எழுதுவது. செயின்ட் லூயிஸில் சாரா எல்ஜினின் ஆய்வகம் கண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் ஒயிட் மரபணுவை நாலாவதின் வெவ்வேறு இடங்களில் செருகிப் பார்த்தது. பல ஈக்களின் கண்கள் வெள்ளையில் சிவப்புத் திட்டுகளோடு வந்தன, அதாவது பக்கத்துப் பக்கத்துச் செல்களில் ஒன்றில் மரபணு திறந்து இன்னொன்றில் மூடிக்கிடக்கிறது. சில செருகல்களிலோ கண் முழுச் சிவப்பு. அருகில் 1360 என்ற தாவும் கூறு இருந்தால் திட்டுத்திட்டாகும் வாய்ப்பு கூடுகிறது. ஆக இடத்துக்கு இடம் நிலைமை மாறுகிறது, ஒரு கண்ணை மட்டும் பார்த்தால் போதாது.

ஹெச்பி1ஏ-யை வெறும் பூட்டு என்று நினைப்பதும் வேண்டாம். குரோமோசோமின் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியருக்குப் பக்கத்தில் இருக்கும் லைட், ரோல்டு போன்ற மரபணுக்களுக்கு ஹெட்டிரோகுரோமேட்டின் சூழல்தான் சாதகம். நாலாவதிலோ பெயின்டிங் ஆஃப் ஃபோர்த் என்ற இன்னொரு புரதமும் சேர்ந்துகொள்கிறது. 2001-இல் ஸ்வீடனின் உமியா ஆய்வாளர்கள் விவரித்த இது இந்தக் குரோமோசோமின் மரபணுக்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு வெளிப்பாட்டைத் தூக்கிவிடுகிறது. அதை நீக்கினால் வெளிப்பாடு குறைகிறது. ஆண் ஈயில் ஒன்றே ஒன்று இருக்கும் எக்ஸ் குரோமோசோமின் வெளிப்பாட்டை உயர்த்தி ஈடுசெய்யும் எம்எஸ்எல் என்ற புரதக் கூட்டமைப்போடு இதைப் போட்டுக் குழப்பாதீர்கள், இரண்டும் வெவ்வேறு. ஆனால் உறவு கொஞ்சம் உண்டு: நாலாவதே ஒரு காலத்தில் எக்ஸ் குரோமோசோமாக இருந்தது என்று ஆய்வாளர்கள் விக்கோசோவும் பாக்ட்ராக்கும் 2013-இல் காட்டினார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த விசித்திரம் எனக்குப் பிடிபட்டது.

சாதாரணமாக இங்கே மயாசிஸில் (இனச்செல்களை உண்டாக்கும் செல் பிரிவு) குறுக்கெதிர் மாற்றமும், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதும், நடப்பதில்லை, அதனால் வரிசை அமைப்பை மற்ற கைகளோடு நேரடியாக ஒப்பிடும்போது கவனம் தேவை. ஒரு புரதம் டிஎன்ஏவில் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று காட்டும் சிப்-சீக் தரவில் பல இடங்களில் பொருந்தும் துணுக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால் இந்தக் குரோமோசோமில் நிறையப் பகுதி காணாமல் போகும், அதை 'சிக்னல் இல்லை' என்று படித்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நாலாவது ஒரே பிரதி மட்டும் இருக்கும் ஈக்கள் பிழைக்கின்றன, இதை 1921-லேயே மரபியலாளர் பிரிட்ஜஸ் எழுதியிருக்கிறார். சிறியது, அதனால் பரவாயில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த ஈக்களில் நாலாவதின் மரபணுக்கள் எதிர்பார்த்த பாதி அளவை விடக் கூடுதலாகவே வெளிப்படுகின்றன. பெயின்டிங் ஆஃப் ஃபோர்த் புரதத்தையும் எடுத்துவிட்டால் ஒற்றைப் பிரதி ஈ உயிர் தப்புவதில்லை.