காய்ச்சினால் போய்விடுமா? துறை சாராதவர்களுக்குத் தொழில்நுட்பம் விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி மாவட்டத்தின் ஓர் ஊராட்சியில், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று நடந்த கிராம சபையில், அவ்வூர் ஆழ்துளைக் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவுகளை விளக்கும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்தது. 34 ஸ்லைடுகள் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். பாறை அமைப்பின் வரைபடத்தில் தொடங்கி, ஃப்ளோரைடு கொண்ட கனிமங்கள் நிலத்தடி நீரில் கரையும் விதம், மாதிரி எடுத்த முறை, ஆய்வகக் கருவி, இந்தியத் தர அளவுகள் என்று வரிசை பிசகாமல் சென்று, 31ஆவது ஸ்லைடில்தான் இரண்டு கிணறுகளில் ஃப்ளோரைடு வரம்பைத் தாண்டியிருக்கிறது என்ற செய்திக்கு வந்தேன். அதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, எல்லாம் முடிந்தபின் எழுந்து, "ஏன் சார், அப்போ காய்ச்சிக் குடிச்சாப் போயிருமா?" என்று கேட்டார்.

போகாது. கிருமி சாகும், ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடும். நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு சற்றே கூடவும் செய்யும். அந்த ஊரில் அன்று சொல்லப்பட வேண்டிய மிக முக்கியமான வாக்கியம் அதுதான் என்பதும், என்னுடைய 34 ஸ்லைடுகளில் ஒன்றில்கூட அது இல்லை என்பதும் அந்தக் கேள்விக்குப் பிறகே எனக்கு உறைத்தது.

இதில் இரண்டு தவறுகள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவது, வரிசை. ஓர் ஆய்வை நாம் செய்து முடித்த வரிசையும், அதைப் பிறர் கேட்க வேண்டிய வரிசையும் பெரும்பாலும் எதிரெதிரானவை. பின்னணி, முறை, தரவு, முடிவு என்ற ஒழுங்கு ஆய்வேட்டுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் பொருந்தும். ஏனெனில் அங்கே எதிரில் இருப்பவருடைய வேலை நம் முறையைச் சோதிப்பது. கிராம சபையில் உட்கார்ந்திருப்பவருடைய வேலையோ, நாளைக் காலை எந்தக் குழாயில் குடத்தை வைப்பது என்று முடிவெடுப்பது. 'பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் குழாயிலும் கோயில் மேட்டுக் குழாயிலும் வரும் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்; குளிக்கலாம், துணி துவைக்கலாம்' என்று தொடங்கியிருந்தால், ஏன் என்ற கேள்வி அவர்களிடமிருந்தே எழுந்திருக்கும், பாறையின் கதையையும் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள்.

இரண்டாவது, நமக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற மயக்கம். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, பலரும் அறிந்த பாடல்களின் தாளத்தை மட்டும் ஒருவர் மேசையில் தட்ட, எதிரில் இருப்பவர் அது எந்தப் பாடல் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றொரு சோதனை நடத்தினார். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவர் மனதுக்குள் ராகமும் சொற்களுமாகப் பாடல் முழுவதும் ஓடிக்கொண்டிருக்க, கேட்பவர் காதில் விழுவது வெறும் டக் டக் ஓசைதான். 'கரைந்த திண்மம்', 'செறிவு' என்றெல்லாம் நான் சொன்னபோது அந்தச் சபையில் விழுந்ததும் அப்படிப்பட்ட ஓசையே. இந்த மயக்கத்தை நமக்கு நாமே கண்டுபிடிப்பது கடினம் என்பதால், துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், வீட்டில் அம்மாவிடமோ தேநீர்க் கடைக்காரரிடமோ, முன்கூட்டியே ஒருமுறை பேசிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சொற்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கலைச்சொல்லைத் தவிர்த்துவிட்டால் எளிமை வந்துவிடும் என்று எண்ணி, முதல் சில ஸ்லைடுகளில் ஃப்ளோரைடை 'ஒருவகை உப்பு' என்று எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தில் 'உப்புத் தண்ணீர்' என்றால் நாக்கில் கரிக்கும் தண்ணீர். சோறு வெந்தால் நிறம் மாறும், சோப்பு நுரைக்காது. ஃப்ளோரைடு இந்த அளவுகளில் நாக்குக்குத் தெரிவதே இல்லை. ஆகவே 'எங்கள் குழாயில் நல்ல தண்ணீர்தான் வருகிறது, உப்பே இல்லை' என்று அவர்கள் நிம்மதியடைந்தது என் சொல்லால் வந்த வினை. ஃப்ளோரைடு என்ற பெயரையே சொல்லி, அதற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை, பரிசோதனையில் மட்டுமே தெரியும் என்று விளக்கி, கடைசிவரை அதே சொல்லைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஒரே பொருளை ஓரிடத்தில் உப்பு, ஓரிடத்தில் தாது, இன்னோரிடத்தில் ஃப்ளோரைடு என்று மாற்றி மாற்றிச் சொல்வது பள்ளிக் கட்டுரையில் நடைக்கு அழகாக இருக்கலாம். இங்கே அது மூன்று வெவ்வேறு பொருள்கள் என்ற எண்ணத்தையே தரும்.

எண்களில் நேரும் பிழைகள் இதைவிட நுட்பமானவை. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மாற்று நீராதாரம் இல்லாத இடங்களில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மில்லிகிராம் என்பது கண்முன் நிற்காத அளவு என்பதால், மாடியில் வைக்கும் 1000 லிட்டர் தொட்டியில் 1.5 கிராம், அதாவது ஏறத்தாழ கால் தேக்கரண்டி என்று சொன்னேன். கணக்கு சரி, விளைவோ நேர்மாறானது. 'அவ்வளவு பெரிய தொட்டியில் கால் கரண்டிதானா?' என்று கூட்டம் சிரித்தது. உவமை அளவைக் காட்டிற்று, ஆபத்தை மறைத்துவிட்டது. அந்த எண்ணுக்கு அருகிலேயே, எட்டு வயதுக்குள் பல் உருவாகும் பருவத்தில் இந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்குப் பற்களில் அழியாத பழுப்புக் கறை விழக்கூடும், அளவு மிகுந்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும் என்று சேர்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. எந்த உவமையையும் மேடையேற்றுவதற்கு முன், இதைக் கேட்பவர் அச்சப்பட வேண்டிய அளவுக்கு அச்சப்படுவாரா, அதற்குக் குறைவாகவா, அதிகமாகவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சதவீதத்துக்கும் இதே கதைதான். 'நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு' என்ற அறிவிப்பை மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கெர்ட் கிகெரென்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தம் குழுவினருடன் ஐந்து நகரங்களில் கேட்டு, 2005இல் முடிவுகளை வெளியிட்டார். நகரின் 30 சதவீதப் பரப்பில் பெய்யும் என்று சிலரும், நாளின் 30 சதவீத நேரம் பெய்யும் என்று சிலரும் எடுத்துக்கொண்டிருந்தனர். எதில் முப்பது என்பதைச் சொல்லாமல் விட்டதே குழப்பத்தின் வேர். 'இத்தகைய பத்து நாட்களில் மூன்று நாட்கள் மழை வரும்' என்றால் குழப்பத்துக்கு இடமில்லை.

ஸ்லைடு எழுதும் பழக்கத்தால் வரும் கேட்டுக்கு எல்லோரும் அறிய வேண்டிய உதாரணம் கொலம்பியா விண்ணோடம். 2003 ஜனவரி 16 அன்று அது புறப்பட்ட 82ஆவது நொடியில், வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக் காப்புத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. சேதம் எவ்வளவு இருக்கும் என்று ஆராய்ந்த பொறியாளர்கள், விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடுகளுடன் விளக்கம் அளித்தனர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, வெப்பக் காப்பு ஓடுகள் துளைபடுவது பற்றிய பழைய சோதனைத் தரவுகள் கணக்கீட்டில் பாதுகாப்பு மிச்சம் இருப்பதைக் காட்டுகின்றன என்ற பொருள்பட, ஆறுதலாக அமைந்திருந்தது. அதன் கீழே புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி என்று எழுத்து சிறுத்துக்கொண்டே போய், கடைசி வரியில், சோதனையில் பயன்பட்ட நுரைத் துண்டின் கன அளவு 3 கன அங்குலம், பறத்தலின்போது மோதியதோ 1920 கன அங்குலம் என்று குறிக்கப்பட்டிருந்தது. 640 மடங்கு. அதாவது, தலைப்பு எந்தச் சோதனையை நம்பி ஆறுதல் சொன்னதோ, அந்தச் சோதனை இந்த மோதலுக்குப் பொருந்தவே பொருந்தாது என்பதை அதே ஸ்லைடின் அடிவரி சொல்லிக்கொண்டிருந்தது. 'குறிப்பிடத்தக்க' என்ற பொருள் தரும் ஒரே ஆங்கிலச் சொல், வெவ்வேறு அழுத்தங்களில், அதில் ஐந்து இடங்களில் வந்தது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் மாண்டனர்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கை, ஒரு மூத்த மேலாளர் இந்த ஸ்லைடைப் படித்தும் இது உயிராபத்தைப் பற்றியது என்று உணராமல் போவது எளிது என்று குறிப்பிட்டது. ஒரு ஸ்லைடால்தான் ஏழு உயிர்கள் போயின என்று சொல்வது மிகை. நாசாவின் நிர்வாகப் போக்கில் வேறு பல கோளாறுகளை அதே அறிக்கை பக்கம் பக்கமாக அடுக்கியிருக்கிறது. ஆயினும் தொழில்நுட்ப விளக்கம் தயாரிக்கும் எவரும் அந்த ஒரு ஸ்லைடை முன்னால் வைத்துக்கொண்டு தம் ஸ்லைடுகளைச் சரிபார்க்கலாம்: தலைப்பு சொல்வதும் அடிவரி சொல்வதும் ஒன்றா? முடிவை மாற்றக்கூடிய எண் எந்த வரியில், எந்த அளவு எழுத்தில் இருக்கிறது? நான் என் 31ஆவது ஸ்லைடைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். தலைப்பு 'பரிசோதனை முடிவுகள்' என்றிருந்தது. அது ஒன்றையும் சொல்லாத தலைப்பு. ஒன்பது நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையில், ஃப்ளோரைடு ஏழாவது நெடுவரிசையில் இருந்தது.

அதற்கு நேர்மாறான காட்சியொன்றும் விண்ணோட வரலாற்றிலேயே உண்டு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் புறப்பட்ட 73ஆவது நொடியில் சிதறியதை விசாரித்த குழுவில் இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மேன் இருந்தார். அதன் ராக்கெட்டின் இணைப்புகளை அடைத்திருந்த ரப்பர் வளையம் குளிரில் மீள்திறன் இழக்கும் என்பதை விளக்க, பிப்ரவரி 11 அன்று நடந்த பொது அமர்வில், அவ்வளையத்தின் சிறு துண்டைக் கவ்வியொன்றில் இறுக்கி, மேசையில் இருந்த பனிக்கட்டி நீருக்குள் வைத்தார். எடுத்துத் தளர்த்தியபோது துண்டு உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. தொலைக்காட்சியில் பார்த்த யாருக்கும் வரைபடம் தேவைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் இப்படியொரு செய்முறை அமையாது என்பது உண்மை. ஆனால் அமையுமா என்று தேடிப் பார்ப்பதற்குக்கூட நாம் நேரம் ஒதுக்குவதில்லை. அந்த நேரத்தை ஸ்லைடின் பின்னணி நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடுகிறோம்.

நிறம் என்றதும் நினைவுக்கு வருகிறது: பகல் வெளிச்சத்தில், சாமியானாவுக்குக் கீழே, வாடகை புரொஜெக்டரில் இளமஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரியும். பச்சை என்றால் பாதுகாப்பு, சிவப்பு என்றால் ஆபத்து என்று மட்டும் காட்டினால் நிறக்குருடு உள்ளவர்களில் பலருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. நிறத்தோடு சொல்லையும் எழுதிவிட வேண்டும்.

பேசும் முறையில் உள்ள தவறுகள் பலரும் அறிந்தவை என்பதால் விரித்துரைக்கத் தேவையில்லை. திரையைப் பார்த்துத் திரும்பி நின்று, அதில் உள்ளதையே வாசிப்பது, நேரம் போதாமல் கடைசிப் பத்து ஸ்லைடுகளை ஓட்டமாக ஓட்டுவது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. ஆனால் 'எல்லோருக்கும் புரிந்ததா?' என்று கேட்கும் வழக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் 'புரிஞ்சுது சார்' என்பதைத் தவிர வேறு விடை வந்து நான் பார்த்ததில்லை. புரியவில்லை என்று நாலு பேர் முன்னிலையில் சொல்ல யாருக்கு மனம் வரும்? அதற்குப் பதிலாக, 'நீங்கள் வீட்டுக்குப் போனதும், கூட்டத்துக்கு வராத மருமகளிடம் என்ன சொல்வீர்கள்?' என்று ஒருவரைக் கேட்டால், நம் விளக்கத்தில் எது போய்ச் சேர்ந்தது, எது வழியில் சிந்தியது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தேர்வு வைக்கப்படுவது நம் பேச்சுக்கு என்பதையும் அவருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஆண்டு அதே ஊருக்குப் போனபோது ஸ்லைடுகள் ஏதும் எடுத்துச் செல்லவில்லை. வங்கதேசத்தில் ஆர்சனிக் கலந்த குழாய்க் கிணறுகளைப் பரிசோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசியதைப் படித்திருந்தேன். இரண்டு குழாய்களின் தூணிலும் சிவப்பு வண்ணம் பூசி, 'குடிக்க, சமைக்க வேண்டாம். காய்ச்சினாலும் போகாது' என்று எழுத ஊராட்சித் தலைவர் ஒப்புக்கொண்டார். கிராம சபையில் அதைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, மீதி நேரத்தைக் கேள்விகளுக்கு விட்டேன். அந்த மூதாட்டி இம்முறையும் எழுந்தார். "மாட்டுக்குக் காட்டலாமா சார்?" என்றார். அதற்கான விடை என்னிடம் இல்லை என்பதை அப்படியே சொல்லி, கால்நடை மருத்துவரைக் கேட்டு வருவதாக அவர் முன்னிலையிலேயே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.