ஜெர்மன் நோட்கெல்ட் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1914இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மானியர்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கிவிட்டார்கள். செம்பும் நிக்கலும் போர்த் தளவாடங்களுக்குப் போயின. கடைகளில் மீதி கொடுக்கச் சில்லறை இல்லை. சின்ன ஊர்களின் நகராட்சிகள், சேமிப்பு வங்கிகள், ஏன், தொழிற்சாலைகள்கூட 10, 25, 50 ஃபெனிக் (நூறு ஃபெனிக் ஒரு மார்க்) சீட்டுகளைத் தாங்களே அச்சிட்டன. அதுதான் நோட்கெல்ட், அதாவது அவசரகாலப் பணம். இன்று ஆன்லைனில் சல்லிசாகவே கிடைக்கிறது. ஏமாறுவதும் அதே அளவுக்குச் சுலபம்.

நிறையப் பேர் சறுக்குவது ஓர் இடத்தில்தான்: வண்ணமயமாக இருக்கும் சீட்டெல்லாம் சந்தையில் கைமாறியது என்று நம்பிவிடுகிறார்கள். 1920-22இல் பல சீட்டுகள் கொண்ட தொகுப்பாக வந்த வரிசைகளில் பெரும்பாலானவை சேகரிப்பாளர்களுக்கென்றே அச்சானவை. ஹாமெல்ன் ஊர், குழலூதி எலிகளை இழுத்துச் சென்ற தன் எலிபிடிப்பவன் கதையையே சீட்டில் போட்டது. ஆல்பத்துக்குள் போன சீட்டை யாரும் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்கமாட்டார்கள், ஊருக்கு அத்தனையும் லாபம். 75 ஃபெனிக் என்று போட்டிருந்தால் உஷாராகுங்கள். அந்த மதிப்பில் ஜெர்மனியில் நாணயமே இருந்ததில்லை. செல்லுபடியாகும் கடைசித் தேதியையும் பாருங்கள், விற்பனைக்கு வரும்போதே கெடு முடிந்திருந்த சீட்டுகளும் உண்டு. நிஜமாகப் புழங்கியவை பெரும்பாலும் அழுக்கேறி, மடிப்பு விழுந்து, பார்க்கச் சாதாரணமாக இருக்கும். எனக்கு அவைதான் பிடிக்கும்.

1923ஆம் ஆண்டுத் தாள்களை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சில்லறைத் தட்டுப்பாடு இல்லை, பணவீக்கம். அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்! அவசரத்தில் பல தாள்களை ஒரு பக்கம் மட்டுமே அச்சிட்டார்கள். சைபர்களைப் பார்த்து மலைத்துப்போய்க் காசைக் கொட்டாதீர்கள். "நூறு வருஷப் பழசு சார்" என்பார் விற்பவர். பழசு என்பதாலேயே ஒன்று அரிதாகிவிடாது. வரிசையாக வந்ததை வாங்கினால் முழு வரிசையாகவே வாங்குங்கள். நடுவில் ஒன்று குறைந்தாலும் மதிப்பு இறங்கிவிடும்.

அப்புறம், சுத்தம் செய்கிறேன் என்று இஸ்திரி போடுவது, அழிரப்பரால் தேய்ப்பது, லேமினேட் செய்வது எதுவும் கூடாது. பீலஃபெல்ட் நகரச் சேமிப்பு வங்கி பட்டிலும் லினனிலும் அச்சிட்டவை துணிதானே என்று தண்ணீரில் நனைக்கவே நனைக்காதீர்கள். பிவிசி உறைகளும் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தாளைக் கெடுத்துவிடும்.

துளை போட்ட சீட்டையும், குறுக்கே ரத்து முத்திரை விழுந்த சீட்டையும் சேதாரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பல ஊர்களில், சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் கொடுத்த பிறகு போட்ட அடையாளம் அது.